பிரெஞ்சுக் கோட்டும் ஞாயிற்றுக்கிழமையும்

ரிச்சர்ட்ஸ் டவுன், பெங்களூர்,
6 மார்ச் 2025

அன்புள்ள யூனிஸுக்கு,

மூன்று நாள் ஆலோசனைக்குப் பிறகு, நேற்று மாலை, சார்ஜெண்டை ஜன்னல் பக்கமிருந்து சுவர்ப் பக்கம் திருப்பி வைப்பதென்று முடிவு செய்தேன். இரண்டு பக்கத்து நியாயங்களையும் தனித்தனியாக எழுதிப் பார்த்தேன். ஜன்னலைப் பார்த்து நின்றால் வெயிலில் கோட்டின் நீலம் வெளுக்கும். எதிர்வீட்டு மமதா மேடம் துணி காயப்போட வரும்போதெல்லாம் யாரோ ஒரு வெள்ளைக்காரன் முறைத்துப் பார்ப்பதாகப் புகார் வேறு. ஜன்னலுக்கு ஆதரவாகச் சொல்ல ஒன்றுமே இல்லை. ஆனாலும் மூன்று நாள் பிடித்தது. கமர்ஷியல் ஸ்ட்ரீட்டில் மூடிப்போன ஜவுளிக்கடையிலிருந்து நான் தூக்கி வந்த வெறும் பொம்மைக்கு, அது போட்டிருக்கும் பிரெஞ்சுக் கோட்டின் கைப்பட்டையைப் பார்த்து, சார்ஜெண்ட் பதவி கொடுத்தது நீதான். ஆகவே உனக்கு முதலில் தெரிவிக்கிறேன்.

ஃபாதர் ஞானசேகரன் நம் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னது உனக்கு நினைவிருக்கும். தணிக்கை அலுவலகத்தில் வேலை பார்த்தவன் என்பதால் எழுத்தில் பதிவு செய்கிறேன். தவக்காலம் முடியும்வரை நீ உன் தங்கை குளோரியா வீட்டிலேயே இருக்கலாம். ஃபோன் கூடாது, நேரில் வாக்குவாதம் கூடாது, கடிதம் மட்டும். ஒவ்வொரு கடிதத்திலும் மற்றவருக்கு ஒரு நன்றியாவது இருக்க வேண்டும். நன்றி சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை என்றால், கிடைக்கும்வரை எழுதக்கூடாது.

நான் உடனே எழுதுகிறேன் என்பதைக் கவனி. நீ கிளம்பிப் போன அன்று காலையில் கேஸ் சிலிண்டருக்குச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாய். அவ்வளவு கோபத்திலும். சிலிண்டர் நேற்று வந்தது. நன்றி.

உன் தெருவுக்கும் என் தெருவுக்கும் தபால்காரர் ஒரே மஞ்சுநாத்தான். முகவரியைப் பார்த்துவிட்டு, "ஏன் சார், அம்மா அங்கதானே இருக்காங்க? இன்னா விஷயம்னு சொல்லுங்க, நானே சொல்லிட்டு வந்துர்றேன். யாக்கே, எதுக்கு ஸ்டாம்ப்பு வேஸ்ட்டு?" என்றார். சொல்ல முடியாத விஷயம் என்றேன். ரொம்ப மரியாதையோடு கடிதத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

நம் பையன் நோயல் ஞாயிறு மாலை வழக்கம்போல பிரான்சின் லியோனிலிருந்து அழைத்தான். குளோரியாவுக்கு முழங்கால் ஆபரேஷன், நீ துணைக்குப் போயிருக்கிறாய் என்று நீ அவனிடம் சொல்லியிருப்பதை நானும் உறுதிசெய்தேன். குளோரியாவின் முழங்கால் நலம் என்று நம்புகிறேன்.

இப்படிக்கு,
உன் கில்பர்ட்


பிரேசர் டவுன்,
11 மார்ச் 2025

அன்புள்ள நோயல் அப்பாவுக்கு,

குளோரியாவின் முழங்கால் பிறந்ததிலிருந்தே நலம். நேற்று அந்த முழங்காலோடு மொட்டை மாடிக்கு நான்கு தடவை ஏறி வடகம் பிழிந்தாள்.

முதலில் நன்றி. இங்கே காலையில் கண்விழித்தால் சுவர் தெரிகிறது. நம் வீட்டில் காலாட்படை தெரியும். இதை உங்களுக்குச் சொல்லும் நன்றியாக எடுத்துக்கொள்ள முடியுமா என்று தெரியவில்லை. முயற்சி செய்யுங்கள்.

மனதில் இருப்பதை எழுதச் சொன்னார் ஃபாதர். எழுதுகிறேன். நான்கு வருஷமாக நோயல் அங்கே பழைய பொருள் சந்தையில் வாங்கி அனுப்புகிற கோட்டுகள் முதலில் ஹாலில் இருந்தன. நான் பேசவில்லை. படுக்கையறைக்கு வந்தன. பேசவில்லை. ஏ.சி. கோட்டுகளுக்காக ஓடியது, எனக்குக் குளிர்ந்தபோது ஸ்வெட்டர் போட்டுக்கொள்ளச் சொன்னீர்கள், போட்டுக்கொண்டேன். கடைசியில் ஒன்று என் அலமாரிக்குள் வந்தது. கோட்டோடு பூச்சி வந்தது. விசா இல்லாமல் அவ்வளவு தூரம் வந்த பூச்சி, நூற்றைம்பது வருஷத்துக் கம்பளியை ஒரு ஓரம்கூடத் தொடாமல், என் கல்யாணப் பட்டைத் தின்றது. அன்றைக்கு நான் அலறியபோது ஓடி வந்தீர்கள். வந்து எதைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தீர்கள்? கோட்டை.

நான் கிளம்பியது புடவைக்காக என்று குளோரியா நினைக்கிறாள். புடவை போனால் போகிறது. எனக்கும் இப்போது அந்த ரவிக்கையில் ஒரு கைதான் நுழையும்.

இன்னொன்று. நோயல் ஞாயிற்றுக்கிழமை உங்களோடு பித்தானைப் பற்றி அரைமணிக்கு மேல் பேசுவான். அப்புறம் ஃபோன் என்னிடம் வரும். "மம்மி, சாப்ட்டியா? நான் சாப்ட்டேன். ஓகே மம்மி, பேட்டரி லோ." பெற்றவளுக்கு மிச்ச பேட்டரி. பித்தானாகப் பிறந்திருக்கலாம் என்று தோன்றியிருக்கிறது.

குளோரியா வீட்டுக்காரர் லாயிட் ஒரு உதவி கேட்கிறார். நேரில் கேட்கப் பயம், என்னை எழுதச் சொல்கிறார். புனித வெள்ளியன்று இயேசுவைச் சிலுவையில் அறைகிற பாஸ்கா நாடகத்தில் இந்த வருஷமும் ரோமப் படையின் நூற்றுவர் தலைவர் வேஷம் அவருக்குத்தான். வருஷா வருஷம் அட்டையில் தங்கத்தாள் ஒட்டி, மேலே துடைப்பக் குச்சி செருகின தொப்பி. போன வருஷம் வேர்வையில் தங்கத்தாள் கரைந்து முகமெல்லாம் மஞ்சள். நோயல் உங்களுக்கு அனுப்பிய அந்தப் பித்தளைத் தலைக்கவசம் அசல் ரோமாபுரி மாதிரியே இருக்கிறது என்கிறார். கொடுப்பீர்களா?

யூனிஸ்


ரிச்சர்ட்ஸ் டவுன்,
17 மார்ச் 2025

அன்புள்ள யூனிஸுக்கு,

உன் நன்றியை நன்றியாகவே எடுத்துக்கொண்டேன். கொஞ்சம் சிரமமாக இருந்தது.

இந்த வாரம் என் நன்றி பெரியது. நாம் சண்டை போட்டு இரண்டு வீட்டில் இருப்பதை நீ நோயலிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நியாயம் உன் பக்கம் என்று அவன் ஒரு நிமிடத்தில் தீர்ப்புச் சொல்லியிருப்பான். அந்த வசதியை நீ பயன்படுத்திக்கொள்ளவில்லை.

தலைக்கவச விண்ணப்பத்தைப் பரிசீலித்தேன். அது பிரெஞ்சுக் குதிரைப்படையில், மார்புக்கவசம் அணிந்து சண்டைபோட்டவர்களுடையது. எஃகுக் கிண்ணம், மேலே பித்தளைக் கொண்டை, பின்னால் தொங்கும் குதிரைவால் மயிர். செய்தது சுமார் 1875. இதை அணிந்துகொண்டு போகும் நூற்றுவர் தலைவர் கல்வாரிக்கு ஆயிரத்தெண்ணூறு வருடம் தாமதமாகப் போய்ச் சேர்வார். ஆகவே விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது என்று எழுதி, மடித்து, உறையிலிட்டு, ஒட்டியும் விட்டேன்.

பிறகு, "அவர்கிட்ட டைம் என்னன்னு கேட்டாக்கூட கடிகாரம் வந்த கதையச் சொல்லுவாரு" என்று நீ குளோரியாவிடம் சொல்வது என் காதில் விழுந்தது. நீ சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் விழுந்தது. உறையைக் கிழித்தேன். அந்தப் பிரெஞ்சுக்காரர்களும் பழைய ரோமானியர்களைப் பார்த்துத்தான் இந்த வடிவத்தைச் செய்தார்கள் என்று படித்திருக்கிறேன். லாயிட் இரண்டாவது தலைமுறைப் பார்த்துச்செய்தலாக இருந்துவிட்டுப் போகட்டும். சனிக்கிழமை வந்து எடுத்துக்கொள்ளச் சொல். மயிரைச் சீப்பால் வாரக்கூடாது.

உன் பட்டுப் புடவையைப் பற்றி எழுத நினைத்தேன். இரண்டு தாள் வீணாயிற்று.

உன் கில்பர்ட்


பிரேசர் டவுன்,
26 மார்ச் 2025

அன்புள்ள நோயல் அப்பாவுக்கு,

நிஜமாகவே நன்றி. நீங்கள் கொடுக்கமாட்டீர்கள் என்று நிரூபிக்கத்தான் கேட்டு எழுதினேன். நிரூபணம் தோற்றுவிட்டது. கணக்கு டீச்சருக்கு அது அவமானம். எனக்குச் சந்தோஷம்.

இந்த வீடு அமைதியாக இருந்தது. இப்போது இல்லை. லாயிட் வங்கியிலிருந்து வந்ததும் முகம் கழுவுகிறாரோ இல்லையோ, தலைக்கவசத்தை மாட்டிக்கொள்கிறார். அதோடு தோசை சாப்பிடுகிறார். ஃபேன் இறக்கையில் கொண்டை இடிக்குமோ என்று குனிந்தபடியே நடக்கிறார். பார்ப்பதற்கு ரோமாபுரியே பாவமன்னிப்புக் கேட்டுவிட்டு வருகிற மாதிரி இருக்கிறது. யூ-டியூபில் பிரெஞ்சுக்காரன் ஒருவன் பித்தளை துடைப்பதை மணிக்கணக்காகப் பார்க்கிறார். பாஷை புரியாவிட்டாலும் "ஆமா ஆமா" என்கிறார்.

நேற்று என்னிடம் மெதுவாக வந்து, "யூனிஸ் அக்கா, இதுக்கு மேட்ச்சா கோட்டு இருக்குதா அண்ணன்கிட்ட? சும்மா கேட்டேன், கோச்சிக்காதீங்க" என்றார்.

உள்ளேயிருந்து குளோரியா: "அக்கா, மண்டையோட நிக்கட்டும் சொல்லிட்டேன். உடம்புக்கு எறங்கிச்சுன்னா நல்லா இருக்காது."

"நான் என்னடி பண்ணேன்?" என்றேன்.

"நீதான் இந்த வியாதியை இங்க கொண்டாந்தே. அங்க ஒரு வீட்டோட போயிருக்கும்."

நீங்கள் சரியாகச் சாப்பிடுகிறீர்களா? மஞ்சுநாத் உங்கள் கடிதத்தைக் கொடுக்கும்போது, "சார் கொஞ்சம் டல்லா இருக்கார் அம்மா" என்று கூடுதலாக ஒரு வரி சேர்த்துக் கொடுத்தார். அதற்கு ஸ்டாம்ப் ஒட்டியிருக்கவில்லை.

யூனிஸ்


பிரேசர் டவுன்,
6 ஏப்ரல் 2025

அன்புள்ள நோயல் அப்பாவுக்கு,

இந்தக் கடிதத்தை உட்கார்ந்துகொண்டு படியுங்கள்.

நேற்று மாலை கோயில் வாசலில் உடையோடு ஒத்திகை. இயேசு இரண்டாம் முறை கீழே விழும் இடம். லாயிட் சாட்டையை ஓங்கினார். தலைக்கவசம் நழுவிக் கண்ணை மறைத்துவிட்டது. கண் தெரியாமல் இரண்டடி வைத்தவர் மேடையிலிருந்து விழுந்தார். அவருக்கு ஒன்றும் இல்லை, மணல். தலைக்கவசம் படியில் உருண்டு, வாசலைத் தாண்டி, ரோட்டுக்குப் போனது. முதலில் ஓடியது இயேசுதான். அந்த வேஷம் போடுகிற நம் கோயில் பையன் விக்கி. முதுகில் சிலுவையோடு ஓடிப்போய் நடுரோட்டில் நின்று இரண்டு கையையும் விரித்து, "நிறுத்துங்கண்ணா!" என்று கத்தினான். ஆட்டோ நின்றது, பஸ் நின்றது, ஒரு பாட்டியம்மா கும்பிட்டார். தண்ணீர் லாரி நிற்கவில்லை.

விக்கி தாவிவிட்டான். தலைக்கவசம் தாவவில்லை.

இப்போது அது தட்டையாக இருக்கிறது. கொண்டை தனி, கிண்ணம் தனி. மயிர் லாரிச் சக்கரத்தோடு போய்விட்டது. லாயிட் ரோட்டோரம் உட்கார்ந்து அழுதார், நூற்றுவர் தலைவர் உடையிலேயே. இன்னும் சாப்பிடவில்லை. கேட்டது நான். கொடுத்தது நீங்கள்.

இதில் நன்றி எங்கே வரும் என்று யோசித்தேன். நீங்கள் நம்பிக் கொடுத்தீர்கள். அதற்கு.

யூனிஸ்


ரிச்சர்ட்ஸ் டவுன்,
8 ஏப்ரல் 2025

அன்புள்ள யூனிஸுக்கு,

உட்கார்ந்துகொண்டுதான் படித்தேன். லாயிட்டுக்கு அடி இல்லை என்பது நிம்மதி. விக்கி அப்படி ரோட்டில் ஓடியிருக்கக் கூடாது. நாடகத்துக்கு இன்னும் பத்து நாள்தான், இயேசு முழுதாக இருக்க வேண்டும்.

தலைக்கவசம் போனால் போகட்டும். லாயிட்டைச் சாப்பிடச் சொல். தட்டையானதை அவரே ஞாபகத்துக்கு வைத்துக்கொள்ளட்டும். ஏப்ரல் மாதத்தில் பெங்களூரில் தண்ணீர் லாரி யாருக்காகவும் நிற்காது.

மறைக்காமல் உடனே எழுதியதற்கு நன்றி.

ஒரே ஒரு விஷயம். நோயலிடம் யாராவது சொல்லிவிட்டீர்களா?

உன் கில்பர்ட்


பிரேசர் டவுன்,
10 ஏப்ரல் 2025

அன்புள்ள நோயல் அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை நான்கு தடவை படித்தேன்.

உங்கள் ஆபீஸ் பேனாவை நான் மளிகைச் சீட்டு எழுத எடுத்து நிப்பு வளைந்தபோது, நீங்கள் மூன்று நாள் என்னோடு பேசவில்லை. ஞாபகம் இருக்கிறதா? ஒரு குடை தொலைந்ததற்குக் காவல் நிலையம்வரை போனவர் நீங்கள். உங்கள் சேகரிப்பிலேயே விலை உயர்ந்தது அந்தத் தலைக்கவசம். அதன்மேல் லாரி ஏறியிருக்கிறது. "போனால் போகட்டும்" என்று எழுதுகிறீர்கள். அதுவும் அடித்தல் திருத்தல் இல்லாமல்.

முதலில் எனக்காகப் பொறுத்துக்கொண்டீர்கள் என்று நினைத்து அழுகை வந்தது. குளோரியாவிடம்கூடக் காட்டினேன். அப்புறம் கடைசி வரியைப் பார்த்தேன். பொருள் போனது உங்களுக்குக் கவலை இல்லை. நோயலுக்குத் தெரிந்துவிடுமோ என்பதுதான் கவலை.

முப்பத்து மூன்று வருஷம் உங்களோடு இருந்திருக்கிறேன். ஒரே வார்த்தையில் பதில் எழுதுங்கள். அந்தக் கோட்டுகள் உங்களுக்குப் பிடிக்குமா?

நன்றியைப் பதில் வந்தபிறகு சொல்கிறேன்.

யூனிஸ்


ரிச்சர்ட்ஸ் டவுன்,
11 ஏப்ரல் 2025

அன்புள்ள யூனிஸுக்கு,

இல்லை.

ஒரே வார்த்தைதான் கேட்டாய். ஆனால் ஒரு வார்த்தை மட்டும் உள்ள கடிதத்தை மஞ்சுநாத்திடம் கொடுக்க மனம் வரவில்லை.

கம்பளியைத் தொட்டால் எனக்குத் தும்மல் வரும். தூசி என்று உன்னிடம் சொல்லி வந்தேன். அந்தச் சிவப்புக் கால்சட்டைகளைப் பார்க்கும்போதெல்லாம், இதைப் போட்டுக்கொண்டு போனவனை ஒரு மைல் தூரத்திலிருந்தே சுட்டிருப்பார்களே என்றுதான் தோன்றும்.

நோயல் அங்கே போன புதிதில் மாதத்துக்கு ஒருமுறை அழைப்பான். உனக்கு நினைவிருக்கும். உன்னோடு ஏதோ பேசுவான். என்னிடம் வந்தால், "எப்படி இருக்கீங்க டாடி?" "நல்லா இருக்கேன். அங்க குளிரா?" "குளிர்தான்." அதற்கு மேல் இரண்டு பேரும் ஃபோனைப் பிடித்துக்கொண்டு நிற்போம். யார் முதலில் வைப்பது என்பதில் மட்டும் ஒரு மரியாதை இருந்தது. நான் வேலையில் இருந்தபோது அவனோடு பேசியதெல்லாம் மார்க் ஷீட்டும் ஃபீஸும்தான். அவனுக்கு மார்க் ஷீட் நின்றபிறகு எங்களுக்கு விஷயமே இல்லாமல் போயிற்று.

பிறகு ஒருநாள் வேடிக்கையாக ஒரு கோட்டு அனுப்பினான். அந்த ஞாயிறு, ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, பித்தானில் எண் போட்டிருக்கிறதே, அது என்ன என்று கேட்டேன். "தெரியல டாடி, பாத்து சொல்றேன்" என்றான். அடுத்த ஞாயிறு அவனே அழைத்தான். அது படைப்பிரிவின் எண்ணாம். அரைமணி நேரம் பேசினான். நான் வியந்தேன். வியப்பதில் எனக்குப் பயிற்சி இல்லாததால் கொஞ்சம் அதிகமாகவே வியந்துவிட்டேன் போலிருக்கிறது. அடுத்த மாதம் இரண்டாவது கோட்டு வந்தது.

அதிலிருந்து ஒரு ஞாயிறுகூட அவன் தவறவில்லை. நான் வாரம் முழுக்கப் புத்தகம் பார்த்துக் கேள்வி தயாரிப்பேன். மூன்று கேள்வி. அவன் சீக்கிரம் வைக்கப் பார்த்தால் கேட்பதற்கு நான்காவதாக ஒன்று.

அன்றைக்கு உன் அலமாரியில் நான் முதலில் கோட்டைத் தூக்கிப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை அவன் கோட்டைத்தானே கேட்பான் என்ற நினைப்பு. பக்கத்தில் நீ நின்றுகொண்டிருந்தாய். நீ திங்கள் முதல் சனிவரை எப்போதும் இருக்கிறவள்.

கேட்டதற்கு நன்றி யூனிஸ். நான்கு வருடத்தில் இதை யாரும் கேட்கவில்லை.

கில்பர்ட்


பிரேசர் டவுன்,
15 ஏப்ரல் 2025

அன்புள்ள நோயல் அப்பாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை குருத்தோலையோடு வீட்டுக்கு வந்து உட்கார்ந்தேன், நோயல் ஃபோன் செய்தான். எனக்கு ஒரு நியாயம் தோன்றியது. நான்தான் கேட்டு வாங்கினேன், நான்தான் சொல்ல வேண்டும். தலைக்கவசம் தட்டையான கதையைச் சொன்னேன். பையன் மெதுவாகக் கேட்கிறான்.

"டாடி ரொம்ப அப்செட்டா மம்மி?"

"இல்லடா. பரவால்லன்னுட்டாரு."

"அப்பாடா." ஒரு பெருமூச்சு விட்டான் பாருங்கள், இங்கே திரைச்சீலை ஆடியிருக்கும். "மம்மி, ஒண்ணு சொல்றேன். டாடிகிட்ட சொல்லிடாத. ப்ராமிஸ்?"

ப்ராமிஸ் என்றேன். தவக்காலத்தில் பொய். பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிக்கொள்கிறேன்.

"எனக்கு அந்தக் கோட்டுங்க சுத்தமா பிடிக்காது மம்மி. சண்டே காலைல இருட்டோட எழுந்து, அந்தக் குளிர்ல சந்தைக்குப் போயி, கிழவனுங்ககிட்ட பேரம் பேசி... அதுங்க வாசனை இருக்கே, என் ரூம்மேட் ஒருத்தன் அதனாலயே காலி பண்ணிட்டுப் போனான்."

"அப்புறம் எதுக்குடா?"

"டாடி ஃபோன்ல ஒண்ணுமே பேசமாட்டாரு மம்மி. ரிட்டயர் ஆனப்புறம் இன்னும் மோசம். 'ம்', 'சரி', 'வெச்சிடட்டா'. ஒரு தடவ சும்மா ஜோக்குக்கு ஒரு கோட்டு அனுப்புனேன். அன்னிக்கு மனுஷன் என்னா பேச்சு பேசினாரு தெரியுமா? கேள்வி மேல கேள்வி. சரி, இதான் அவருக்குப் பிடிச்சிருக்குன்னு... பேசிக்கினே இருக்கட்டும்னு."

ஃபோனை வைத்தேன். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. குளோரியா வந்து முகத்தைப் பார்த்துவிட்டு, "யார்க்கா செத்துட்டாங்க?" என்றாள்.

இரண்டு பேருக்கும் பிடிக்காத ஒன்றை, மற்றவருக்குப் பிடிக்கும் என்று நினைத்து, நான்கு வருஷம் கடல் தாண்டிப் பேசியிருக்கிறீர்கள். நடுவில் என் பட்டைப் பூச்சிக்குக் கொடுத்தீர்கள். என்னிடம் இரண்டு பேரில் ஒருவர் சொல்லியிருந்தால் ஒரு கடுதாசியில் முடிந்திருக்கும். ஆனால் கோபம் வரவில்லை. கோபத்தைத் தேடிப் பார்த்தேன், இருந்த இடத்தில் இல்லை. விடியற்காலைக் குளிரில் என் பிள்ளை அப்பாவுக்காக நாற்றம் பிடித்த கோட்டைத் தூக்கிக்கொண்டு நடக்கிறான். இங்கே அப்பா தும்மிக்கொண்டே அவனுக்காகப் பாடம் படிக்கிறார். இதற்கு நான் யாருக்கு நன்றி சொல்வது என்று தெரியாமல் கோயிலில் போய் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்தேன்.

ஒன்று மட்டும் உறுதி. அந்தப் பிள்ளையை இனிமேல் இருட்டோடு எழுப்ப வேண்டாம். நீங்கள்தான் போதும் என்று சொல்ல வேண்டும். சொன்னபிறகு அவன் எதைப் பற்றிப் பேசுவான், ஃபோன் நின்றுவிடுமோ என்று உங்களுக்குப் பயம் இருக்கும். எனக்கும் இருக்கிறது. அதனால் நீங்கள் தனியாகச் சொல்ல வேண்டாம். ஈஸ்டர் அன்றைக்குப் பூசை முடிந்து வருகிறேன். அவன் ஃபோன் செய்யும்போது பக்கத்தில் இருக்கிறேன்.

மட்டன் ஒரு கிலோ வாங்கி வையுங்கள். எலும்போடு.

உங்கள் யூனிஸ்


ரிச்சர்ட்ஸ் டவுன்,
3 மே 2025

அன்புள்ள யூனிஸுக்கு,

நீ திரும்பி வந்து இரண்டு வாரம் ஆகப்போகிறது. ஆனாலும் கடைசிக் கடிதம் ஒன்று பாக்கி இருக்கிறது, அதுவும் தபாலில்தான் போக வேண்டும் என்று ஃபாதர் ஞானசேகரன் நேற்றுக் கறாராகச் சொல்லிவிட்டார். மஞ்சுநாத்திடம் விஷயத்தைச் சொன்னேன். "உங்க வீட்லேந்து உங்க வீட்டுக்கா சார்?" என்றார். ஆமாம் என்றேன். சைக்கிளை ஸ்டாண்ட் போட்டு நிறுத்தினார். "முன்னத்துக்கு இது பரவால்ல சார், தூரம் கம்மி" என்றார்.

உனக்குத் தெரிந்ததையே எழுதுகிறேன். பதிவுக்காக.

ஈஸ்டர் அன்று அவன் அழைத்தபோது, தயாரித்து வைத்திருந்த முன்னுரை முழுதும் மறந்துபோய், "நோயல், எனக்குக் கம்பளி அலர்ஜி" என்றேன்.

"எப்பலேந்து டாடி?"

"பொறந்ததுலேந்து."

நீ என் கையைப் பிடித்திருந்தாய். பிறகு அவன் சிரிக்க ஆரம்பித்தான். சின்னப் பிள்ளையாக இருந்தபோது பூசையில் சிரித்து அடிவாங்குவானே, அந்தச் சிரிப்பு. "மம்மி! நீ சொல்லிட்டியா?" என்று கத்தினான். நீ, "கர்த்தர் என்னை மன்னிப்பார், நீ சும்மா இரு" என்றாய்.

சிரித்து முடித்தபிறகு நாம் மூவரும் பயந்த அந்த இடம் வந்தது. "அப்ப... இனிமே எதப் பத்திப் பேசறது?" என்றான். என் கையிருப்பில் இருந்த நான்காவது கேள்வியும் கோட்டைப் பற்றியதுதான். நீதான், "பேசாத. யாரு பேசச் சொன்னா? நீ பாட்டுக்கு உன் வேலயப் பாரு, ஃபோன மட்டும் வெச்சிடாத" என்றாய். அவன் ஃபோனை எதன்மேலோ சாய்த்து வைத்துவிட்டு வெங்காயம் நறுக்கினான். நாம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். வெங்காயம் தடிமனாக இருக்கிறது என்று நீ சொன்னாய். எனக்குச் சரியாகத்தான் பட்டது. அதைப் பற்றி மூவரும் வெகுநேரம் விவாதித்தோம்.

போன ஞாயிறும் அழைத்தான். நான் காலையிலிருந்து கடிகாரத்தைப் பார்க்கவில்லை என்று உன்னிடம் சொன்னேன். பார்த்தேன். கொஞ்சம் தாமதமாக வந்தது. துணி துவைத்துக்கொண்டிருந்தானாம். நீ உள்ளே கறிவேப்பிலை எடுக்கப் போயிருந்தபோது, "டாடி, ஆன்ட்டிக்கு உண்மையிலேயே முழங்காலா?" என்று கேட்டான். இல்லை என்றேன். "இப்ப சரியாயிடுச்சா?" என்றான். சரியாகிவிட்டது என்றேன். இதை உன்னிடம் நேரில் சொல்ல வெட்கமாக இருந்தது. எழுத்தில் சொல்கிறேன். அவன் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. அதற்காக அவனுக்கும் நன்றி.

உன் புடவையில் பூச்சி அரிக்காத பாகத்தை நீ தனியே வெட்டி எடுத்து, யாருக்கும் தெரியாமல் கையாலேயே ஒரு தலையணை உறை தைத்திருப்பதைப் பார்த்தேன். அதை என் பக்கம் போட்டிருந்தாய். நான் எதுவும் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். நன்றி.

கோட்டுகளை என்ன செய்வது என்று நாம் பேசிக்கொண்டிருக்கும்போதே லாயிட் வந்து, ஒன்றும் கேட்காமல் கதவோரம் நின்றார். மனிதருக்கு நிஜமாகவே பிடித்திருக்கிறது. எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளச் சொன்னேன். செவ்வாய்க்கிழமை டெம்போ வைத்து ஏற்றிக்கொண்டு போனார். சார்ஜெண்டை மடியில் உட்காரவைத்துக்கொண்டார். நம் படுக்கையறையின் நான்கு மூலைகளையும் நேற்று முதல்முறையாகப் பார்த்தேன். ஒன்றில் உன் தையல் மெஷின் இருந்திருக்கிறது. நான்கு வருடமாக அதன்மேல் ஒரு குதிரைப்படைக்காரர் உட்கார்ந்திருந்தார்.

இத்துடன் கடிதங்கள் முடிகின்றன. இனிமேல் எனக்கு எது சொல்ல வேண்டுமானாலும் நேரிலேயே சொல்ல முயல்கிறேன். சரியாக வராவிட்டால் ஸ்டாம்ப் இரண்டு மீதி இருக்கிறது.

என்றும் நன்றியுடன்,
உன் கில்பர்ட்

பி.கு. உறையை ஒட்டுவதற்குள் எழுதுகிறேன். நீ மீன் வாங்கப் போயிருக்கிறாய். குளோரியா துணிப்பெட்டியோடு வந்திருக்கிறாள். லாயிட்டுக்கு மண்டையிலிருந்து உடம்புக்கு இறங்கிவிட்டதாம்.